பலகாரக் கடையை இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன்னால்

2022 தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது எங்கள் கடையின் ஃபேஸ்புக் பக்கம் கைவிட்டுப் போனது. பக்கம் அங்கேயேதான் இருந்தது, எங்களால்தான் உள்ளே போக முடியவில்லை. பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்த தம்பி அதைத் தன்னுடைய ஐடியில் தொடங்கியிருந்தார். அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்தது, நம்பரும் மாறிவிட்டது. சீப்புச்சீடை இருக்கிறதா, தேன்குழல் கிலோ என்ன விலை என்று அங்கே வந்த மெசேஜ்கள் இன்றைக்கும் யாரும் பார்க்காமல் கிடக்கின்றன.

நானும் அயித்தையும் காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறோம். கை அயித்தையுடையது, போன் என்னுடையது. அந்தத் தீபாவளிக்கு அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் செய்தோம். செய்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடுகிறவராக இருக்கலாம், பனையோலைக் கூடையான கொட்டான் பின்னுகிறவராக இருக்கலாம், கண்டாங்கிச் சேலை விற்பவராக இருக்கலாம்; முக்கால்வாசி உங்களுக்கும் இதேதான். விற்பது சாப்பாட்டுப் பொருள் இல்லையென்றால் உணவுப் பதிவைப் பற்றிய இடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள்.

1. முதலில் ஒரு சிம், ஒரு மின்னஞ்சல்

ஆகும் நேரம் அரை நாள். செலவு சிம்மும் ரீசார்ஜும்தான்.

கடைக்கென்று தனி நம்பர் வாங்குங்கள். உங்கள் ஆதாரில், உங்கள் பெயரில். தம்பி பெயரில் வாங்கிய சிம், வீட்டுக்காரர் ஆபீசில் கொடுத்த சிம் எல்லாம் வேண்டாம். அந்த நம்பரில் புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்குங்கள். இனி வரப்போகும் ஒவ்வொரு கணக்குக்கும் இந்த நம்பரும் இந்த மின்னஞ்சலும்தான்.

மூன்று இடத்தில் இடறுவார்கள். ஒன்று, சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் டிராயரில் போட்டுவிடுவது. தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத நம்பரை நிறுவனம் துண்டிக்கலாம், பிறகு வேறு யாருக்காவது கொடுக்கலாம். அவர் கையில் உங்கள் வாட்ஸ்அப் திறக்கும். இரண்டு, கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் மனதில் வைத்திருப்பது. நான் அதை அயித்தை பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூன்றாவது, என் கதை. யாராவது உதவுகிறேன் என்று வந்தால் நன்றி சொல்லுங்கள், காபி கொடுங்கள், ஆனால் கணக்கை உங்கள் போனில், உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கச் சொல்லுங்கள். "நான் ரூமுக்குப் போய் முடித்து அனுப்புறேன் அக்கா" என்றால் வேண்டாம்.

2. காகிதங்கள்: படம் எடுப்பதற்கு முன்னால்

பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். வீடியோ ஒன்று ஓடி, ஐம்பது பேர் ஆர்டர் கேட்கும்போது கையில் பதிவு எண் இருக்காது.

உணவுப் பதிவு: மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபாஸ்காஸ் (FoSCoS) தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். நான் 2023-ல் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு தொழிலுக்கு அடிப்படைப் பதிவு போதுமாக இருந்தது, கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். ஒரே தடவையில் ஐந்து வருடத்துக்குக் கட்டினேன். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டவை: பாஸ்போர்ட் அளவுப் படம், ஆதார், வீட்டு முகவரிக்குக் கரண்ட் பில், என்னென்ன செய்கிறோம் என்ற பட்டியல். வாடகை வீடாக இருந்தால் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்து வையுங்கள். எனக்கு 11 நாளில் வந்தது. அதிகாரி நேரில் பார்க்க வந்தால் கூடுதலாகும்.

இதே வேலைக்கு ஒரு சென்டரில் என்னிடம் 1,500 ரூபாய் கேட்டார்கள். படிவத்தை நிரப்பித் தர ஒருவருக்குக் கூலி கொடுப்பது தப்பில்லை. அரசுக் கட்டணமே அவ்வளவு என்று சொல்லிக் கேட்பதுதான் தப்பு.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. செட்டிநாடு என்பது ஒரே மாவட்டம் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். கடைத்தெரு காரைக்குடிதானே என்று நினைத்து மாவட்டத்தை மாற்றிப் போட்டால் விண்ணப்பம் தப்பான அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். தொழில் வகையிலும் கவனம் வேண்டும். நீங்களே செய்து விற்றால் தயாரிப்பாளர். வெறும் சில்லறை விற்பனை என்று தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

உத்யம் பதிவு: சிறுதொழில் சான்று. ஆதாரும் பான் கார்டும் போதும், ஆதாரில் உங்கள் மொபைல் நம்பர் இணைந்திருக்க வேண்டும். கால் மணி நேர வேலை, முற்றிலும் இலவசம். தேடினால் அதே நிறத்தில், அதே சின்னம் மாதிரி வைத்துப் பணம் வசூலிக்கும் தளங்கள் முதலில் வந்து நிற்கும். முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள். வங்கியில் கடைப் பெயரில் கணக்கு தொடங்க இந்தச் சான்று உதவும்.

ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாகப் பதிவு வேண்டாம். ஆனால் வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்றால் தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு வேண்டும். இன்ஸ்டாகிராமுக்கு மாநில எல்லை தெரியாது. முதல் வாரத்திலேயே பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்பார், புதுச்சேரியிலிருந்து இன்னொருவர் கேட்பார். புதுச்சேரியும் இந்தக் கணக்கில் வெளிமாநிலம்தான். கொட்டான் போன்ற கைவினைப் பொருளுக்குச் சில விலக்குகள் உண்டு. உங்கள் பொருள் அதில் வருகிறதா என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். பதிவுக்கு அரசுக் கட்டணம் இல்லை, ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்ய ஆடிட்டருக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். எங்கள் முதல் வருடம் முழுக்க "தமிழ்நாட்டுக்குள் மட்டும்" என்று போட்டுக்கொண்டே ஓட்டினோம்.

லேபிள்: பாக்கெட்டில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, எம்ஆர்பி, பாக்கெட் போட்ட தேதி, எதுவரை சாப்பிடலாம், உங்கள் பெயர் முகவரி, புகார் சொல்ல ஒரு நம்பர், சைவத்துக்கான பச்சைப் புள்ளி, 14 இலக்கப் பதிவு எண் இவை வேண்டும். எண் கையில் வந்த பிறகு அச்சடியுங்கள். நான் ஆயிரம் ஸ்டிக்கரை முன்னாலேயே அடித்துவிட்டு, வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் பேனாவால் எண் எழுதியிருக்கிறேன். முப்பது எழுதியதும் விட்டுவிட்டேன்.

3. பெயர்

செட்டிநாடு, காரைக்குடி, ஆச்சி இந்த மூன்றில் ஒன்றும் இல்லாத பலகாரக் கடையைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் அதோடு உங்களுக்கே உரிய ஒரு சொல்லையும் சேருங்கள். தெருப் பெயர், வீட்டுப் பெயர், எதுவாவது.

ஒரு சோதனை: பெயரைப் போனில் ஒருவரிடம் சொல்லி, ஆங்கிலத்தில் தட்டித் தேடச் சொல்லுங்கள். காரைக்குடி என்பதையே ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். அவர் மூன்றாவது முயற்சியிலும் உங்களைக் கண்டுபிடிக்கவில்லையென்றால் பெயரை மாற்றுங்கள். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், கூகுள் நான்கிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து, ஒரே நம்பர்.

சேலை வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. விசைத்தறிச் சேலைக்குக் கண்டாங்கி என்று பெயர் போட்டுப் பக்கம் தொடங்காதீர்கள்.

4. வாட்ஸ்அப் பிசினஸ்: காசு வரும் இடம்

இன்ஸ்டாகிராமில் லைக் வரும், ஆர்டர் வருவது இங்கேதான். செயலி இலவசம். ஒரு நம்பரைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் ஒரே சமயத்தில் வைக்க முடியாது. அதற்காகவும்தான் தனி சிம்.

அன்றைக்கே நாலு வேலையை முடியுங்கள். கேட்டலாக்கில், அதாவது செயலிக்குள் இருக்கும் பொருள் பட்டியலில், ஒவ்வொன்றுக்கும் படம், எடை, விலை. முகவரியும் வேலை நேரமும். தானாகப் போகும் வரவேற்பு மெசேஜ். ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஓடிபியை ஏமாற்றி வாங்கி நம்பரைப் பிடுங்குகிறவர்களுக்கு அங்கேதான் கதவு அடைபடும்.

விலையைப் போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதினால் கேட்கக் கூச்சப்படுகிறவர் போய்விடுவார். வாங்காமல் கேட்கிறவர் மட்டும் வருவார்.

எங்கள் வரவேற்பு மெசேஜ் இதுதான், எடுத்துக்கொள்ளுங்கள்: "வாங்க. விலைப் பட்டியல் மேலே இருக்கு. என்ன பலகாரம், எத்தனை கிலோ, எந்த ஊர், எந்தத் தேதிக்குள் வேண்டும், இந்த நாலையும் எழுதிடுங்க. அடுப்பில் இருந்தால் பதில் கொஞ்சம் தாமதமாகும், மாலை 4 மணிக்குள் கண்டிப்பாக வரும்." முன்பு "வணக்கம், எங்களைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி" என்று வைத்திருந்தோம். அதற்கு ஒவ்வொருவரும் திரும்ப "வணக்கம்" என்று அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் மெசேஜ் போகும். ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். எங்கிருந்தோ வாங்கிய நம்பர் பட்டியலுக்கு மொத்தமாக அனுப்பினால் நாலு பேர் புகார் கொடுப்பார்கள், நம்பரே முடங்கும்.

5. கூகுள் மேப்

கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும் பார்க்க வருகிற பயணிகள் காரில் உட்கார்ந்தபடி தேடுவது இதில்தான். பதிவு இலவசம். கடை நிஜமாகவே இருக்கிறது என்று நிரூபிக்கப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். போனிலேயே, வெட்டாமல், ஒரே ஓட்டமாக, குறைந்தது 30 வினாடிக்கு எடுக்க வேண்டும். தெருப் பெயர்ப் பலகை, வீட்டு முகப்பு, உள்ளே தொழில் நடக்கும் இடம், உங்கள் பதிவுச் சான்று இந்த வரிசையில் நடந்துகொண்டே காட்டுங்கள். முடிவு தெரிய ஐந்து வேலை நாள் வரை ஆகலாம்.

எனக்கு முதல் தடவை தள்ளுபடியானது, தப்பு என்னுடையது. நம் வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அடுப்படி பக்கம்தானே என்று பின்வாசல் வழியாக நுழைந்து வீடியோ எடுத்தேன். மேப்பில் நான் குத்திய புள்ளியோ முன்தெருவில் இருந்தது. நீள வீட்டுக்காரர்கள் எந்த வாசலில் வாடிக்கையாளர் வந்து நிற்பாரோ அங்கே புள்ளியைக் குத்துங்கள், அங்கேயிருந்தே வீடியோவைத் தொடங்குங்கள். வீட்டுக்கு ஆள் வருவது பிடிக்காதென்றால் முகவரியை மறைக்கும் வசதி இருக்கிறது.

பதிவு முடிந்த கையோடு "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடையை முதலில் காட்ட இவ்வளவு கட்டுங்கள்" என்று போன் வரும். வைத்துவிடுங்கள்.

6. இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும்

இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கி, அமைப்புகளில் பிசினஸ் கணக்காக மாற்றுங்கள், காசு கிடையாது. சுயவிவரத்தில் 150 எழுத்துதான் இடம். "பாரம்பரியத்தின் சுவை" என்று அதை வீணாக்க வேண்டாம். என்ன விற்கிறீர்கள், எந்த ஊர், எங்கெல்லாம் அனுப்புவீர்கள், அதோடு வாட்ஸ்அப் இணைப்பு.

பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டைப் போட முடியாது. உரிமம் வாங்கிய பாட்டுகள் தனிநபர் கணக்குகளுக்குத்தான். மற்றவர்கள் போடுகிறார்களே என்று வேறு செயலியில் பாட்டைச் சேர்த்து ஏற்றினால் சத்தத்தை எடுத்துவிடுவார்கள், வீடியோவையே எடுத்தாலும் எடுப்பார்கள். எண்ணெய் பொரியும் சத்தமே போதும். உண்மையில் அதுதான் நன்றாக ஓடுகிறது.

ஃபேஸ்புக்கில் பக்கத்தை உங்கள் சொந்த ஐடியிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் முழு அனுமதி கொடுங்கள், ஒரு ஐடி முடங்கினாலும் மற்றது இருக்கும். வெளியாளுக்குப் பதிவு போடும் அனுமதி போதும். இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். "உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இங்கே அழுத்துங்கள்" என்று அதிகாரப்பூர்வமான சின்னத்தோடு மெசேஜ் வரும். அழுத்தினால் கடவுச்சொல் கேட்கும். அது திருடன்.

7. படம்

கேமரா வேண்டாம், இருக்கிற போன் போதும். வெளிச்சம்தான் முக்கியம். வளவு இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு அது இலவசமாக வாய்த்த ஸ்டுடியோ. காலை ஒன்பது மணி வாக்கில், வெயில் நேராக விழாத ஓரமாகத் தட்டை வையுங்கள். ஆத்தங்குடிக் கல் தரை படத்துக்கு அழகுதான், ஆனால் பூ வேலை அதிகமுள்ள கல்லில் தேன்குழலை வைத்தால் பலகாரம் எது தரை எது என்று தெரியாது. ஒரே நிறக் கல்லோ பழைய மரப்பலகையோ எடுங்கள்.

எங்கள் வீடியோக்களில் அதிகம் பேர் பார்த்தது சீப்புச்சீடை. அயித்தை மாவை மெல்லிய பட்டையாகச் சீப்பில் அழுத்தி எடுக்கிறார். மேலே வரி வரியாகக் கோடு விழுகிறது. அதை விரலில் சுற்றி, இரண்டு முனையையும் ஒட்டி, துணியில் வைக்கிறார். இருபத்திரண்டு வினாடி, முகம் கிடையாது, பேச்சு கிடையாது, கை மட்டும். கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தூக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்து எடுத்தது. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் எடுக்கும்போது போனை ஒரு முழம் தள்ளி வையுங்கள். லென்ஸில் ஆவி படிந்தால் எல்லாம் மார்கழிக் காலை மாதிரி இருக்கும்.

வாரத்துக்கு இரண்டு வீடியோ, தினம் ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அதற்கு மேல் எங்களால் முடியவில்லை, தேவைப்படவும் இல்லை. அடுத்தவர் படத்தை எடுத்துப் போடாதீர்கள். வாங்குகிறவர் படத்தையும் பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

8. விளம்பரம்

முதல் மூன்று மாதம் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பக்கத்தில் பத்துப் பதினைந்து பதிவாவது இருந்தால்தான் விளம்பரம் பார்த்து வருகிறவர் நம்புவார்.

போடும்போது நாளுக்கு 150 ரூபாய், ஏழு நாள் என்று தொடங்குங்கள். 1,050 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1,239 ரூபாய். முடியும் தேதி போட்டே தொடங்குங்கள், இல்லாவிட்டால் கார்டிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். ஊர் கேட்கும் இடத்தில் 'இந்தியா' என்று விட்டுவிட்டால் எங்கோ இருப்பவர் லைக் போடுவார், பார்சல் ஒன்றும் போகாது. நாங்கள் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் மட்டும் வைப்போம். நம் ஊரை விட்டுப் போனவர்கள் அதிகம் இருக்கும் இடங்கள். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) ஊருக்கு வருகிறவர்களைப் பிடிக்க வேண்டுமானால் காரைக்குடியைச் சுற்றியும் வையுங்கள், தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு மூன்று வாரம் முன்னதாக.

ஆயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் ஃபாலோயர் என்று விற்பார்கள். அந்தப் பத்தாயிரத்தில் ஒருவர்கூட முறுக்கு சாப்பிட மாட்டார்.

9. பணம், பார்சல், நாள்

முழுப் பணம் வந்த பிறகுதான் மாவு பிசைவது. வந்ததா என்று உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள், அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் அல்ல. "ராணுவ முகாமுக்கு இருபது கிலோ அதிரசம், பணம் அனுப்ப இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று எனக்கே போன் வந்தது. பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

கூரியர் கட்டணத்தை விலையில் மறைக்காமல் தனியாகச் சொல்லுங்கள். முதல் பார்சலைச் சென்னையில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பி, பிரித்ததும் படம் கேளுங்கள். எங்களுடைய முதல் சீப்புச்சீடைப் பார்சல் பொடியாகத்தான் போய்ச் சேர்ந்தது. பாக்கெட்டுக்குள் காற்று விட்டு ஒட்டி, பெட்டிக்குள் ஆட இடமில்லாமல் தாளை அடைத்த பிறகு சரியானது. ஆத்தங்குடிக் கல்காரர்களுக்கு இந்தக் கவலை பல மடங்கு. உடைந்தால் யார் பொறுப்பு என்பதை ஆர்டர் வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வெளிநாட்டு ஆர்டர் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கண்டிப்பாக வரும். வியாபாரமாக அனுப்ப ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். முதல் வருடம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தீபாவளி நாட்களுக்கு: ஒரு நாளைக்கு உங்கள் அடுப்பில் எத்தனை கிலோ இறங்கும் என்று முதலில் எடை போட்டுப் பாருங்கள். எங்களுக்கு அது 14 கிலோ, ஆள் ஒருவர் சேர்ந்தால் 20. அதை நாட்களால் பெருக்கி வரும் அளவுக்கு மேல் ஒரு கிலோகூட ஒப்புக்கொள்வதில்லை. வெளியூர் ஆர்டரைப் பண்டிகைக்குப் பத்து நாள் முன்னாலும் உள்ளூர் ஆர்டரை நான்கு நாள் முன்னாலும் மூடிவிடுவோம். மூடும் நாளில் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தை நிறுத்துங்கள், அப்புறம் வரவேற்பு மெசேஜை மாற்றுங்கள், அப்புறம் ஸ்டேட்டஸ் போடுங்கள். ஒரு வருடம் ஸ்டேட்டஸை மட்டும் போட்டுவிட்டு, இல்லாத அதிரசத்துக்கு மூன்று நாள் காசு கட்டி விளம்பரம் ஓட்டியிருக்கிறேன்.